துணி லாரியை நிறுத்தியது யார்? தொண்டு நிறுவனங்கள் கூடிப் பேசுவதால் ஏதாவது நடக்கிறதா?

கடலோடி:
நேற்று ஒரு தொண்டு நிறுவனப் பெரியவர் எழுதியதை நண்பர் அனுப்பியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் நிவாரணப் பணியாளர்கள் மூன்று நாள் கூடினார்களாம். இப்படி அடிக்கடி கூடிப் பழகினால்தான் பேரிடர் நேரத்தில் யார் எதைச் செய்வது என்ற குழப்பம் வராதாம். அதற்கு அவர் காட்டும் சான்று எங்கள் ஊர். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தினமும் மாலையில் நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டம்தான் பழைய துணி லாரிகளை நிறுத்தியது என்று கூசாமல் எழுதியிருக்கிறார்.

நான் கீச்சாங்குப்பம். அப்போது எனக்கு 14 வயது. துணி எப்படி வந்தது, எங்கே கொட்டினார்கள், மாடு எதை மென்றது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எந்தக் கூட்டமும் எந்த லாரியையும் நிறுத்தவில்லை. பொங்கல் தாண்டியும் வந்தது. அனுப்புகிறவர்கள் வீட்டில் பழைய துணி தீர்ந்ததும் தானாக நின்றது. அந்த வருடம் போகிக்கு எரிக்கத் துணி இல்லாமல் எத்தனை ஊர் தவித்ததோ!

ஒரு மூட்டையை அம்மா பிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கைமுட்டி கிழிந்த கோட்டு ஒன்று, ஜரிகை பிய்ந்த பட்டுப் பாவாடை, ஒற்றைக் காலுறை, அப்புறம் ஒரு கம்பளி ஸ்வெட்டர். அதைத் தூக்கிப் பிடித்து "இது யாருக்குடா, கடலுக்கா?" என்றார். 26-ஆம் தேதிக்குப் பிறகு அம்மா வாய் திறந்து பேசிய இரண்டாவதோ மூன்றாவதோ வாக்கியம் அது.

கூட்டம் நிறுத்தியதாம். யாராவது ஒருவர், ஒரே ஒரு லாரியைக் கூட்டம் போட்டு நிறுத்தியதைப் பார்த்தேன் என்று இங்கே வந்து சொல்லட்டும்.

களப்பணி_67:
நான் சொல்கிறேன். பார்த்தேன்.

தம்பி, உங்கள் இழப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 14 வயதில் நீங்கள் தெருவில் நின்றீர்கள், நான் அந்த அறைக்குள் இருந்தேன். 2005 ஜனவரி 1 அன்று சிநேகா அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. அலை அடித்து ஏழாம் நாள். இடம் கலெக்டர் ஆபீஸ் வளாகமேதான். நூற்றுக்கணக்கான அமைப்புகள் நாகையில் வந்து இறங்கிய நேரம். காலையில் வந்தவர் யாரிடமும் கேட்காமல் சாலையோரம் கொட்டிவிட்டு, பேனரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு மாலையில் கிளம்பிவிடுவார்.

அந்த அறையில் சுவரில் ஒரு பெரிய தாள். இடப்பக்கம் ஊர்ப் பெயர்கள், மேலே அரிசி, பாத்திரம், கொட்டகை, கழிப்பறை, மருத்துவம் என்று கட்டங்கள். எந்த ஊருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று மாலையில் நிரப்புவோம். ஒரு ஊரில் பாத்திரம் மூன்று தடவை போயிருக்கும், பக்கத்து ஊரில் கட்டம் காலியாக இருக்கும். அடுத்த வண்டி அங்கே போகும். அவ்வளவுதான் ஒருங்கிணைப்பு. அதற்குக் கூடித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

துணி விஷயமும் அங்கேதான் முடிவானது. ஜனவரி முதல் வாரத்திலேயே "துணி வேண்டாம்" என்று போன் போட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். பொங்கலுக்கு முன்பே நின்றுவிட்டது.

கடலோடி:
பொங்கலுக்குப் பிறகுதான்.

களப்பணி_67:
முன்பு. என்னிடம் அந்த வருட நோட்டு இருக்கிறது.

கடலோடி:
அப்படியா, மகிழ்ச்சி. படம் எடுத்துப் போடுங்கள் அண்ணே, பார்ப்போம்.

நிலா_2001:
இரண்டு பேரும் "ஒருங்கிணைப்பு" என்பதை ஒரே அர்த்தத்தில்தான் சொல்கிறீர்களா? தகவல் பகிர்வது வேறு, வேலையைப் பிரித்துக்கொள்வது வேறு, முடிவெடுப்பது வேறு. முதலில் அதை வரையறுத்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்குமே.

கடலோடி:
நோட்டு எங்கே?

இன்னொன்று. பாத்திரம் மூன்று தடவை போனதைப் பற்றிச் சொன்னீர்களே, எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் மூன்று வந்தது. வெவ்வேறு வாரம், வெவ்வேறு பேனர். திரி ஸ்டவ் ஒன்று, பம்ப் ஸ்டவ் இரண்டு. வீட்டில் சமைத்துச் சாப்பிட மிஞ்சியவர்கள் இரண்டு பேர். உங்கள் தாளில் எங்கள் ஊர்க் கட்டம் எத்தனை தடவை நிரம்பியது என்று அந்த நோட்டிலேயே பார்த்துச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:
நான் பேராவூரணிப் பக்கம். சுனாமி பற்றி நான் பேச வரவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் தோப்பில் காலையில் நிமிர்ந்து நின்ற மரத்தை விரல் விட்டு எண்ணலாம். மாநிலம் முழுக்க இருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது. எல்லாம் மெயின் ரோட்டோடு முடிந்தது. ரோட்டோரத்து ஊர்க்காரர்கள் மறித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கும்தான் கூரை இல்லை. உள்ளே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கு, அதுவும் மரமும் மின்கம்பமும் பாதையை அடைத்துக் கிடந்த இடங்களில், நான்காவது நாள்தான் மெழுகுவர்த்தி வந்தது.

யாராவது ஒரு ஆள் ஒரு தாளை வைத்துக்கொண்டு "இந்த லாரி உள்ளே போ" என்று சொல்லியிருந்தால் போதும். அதற்குத்தான் கூட்டம். கடலோடி மாதிரி பேசுகிறவர்கள் கூட்டமே இல்லாத பேரிடரை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கடலோடி:
ஐயா, நான் கூட்டம் இல்லாத பேரிடரைப் பார்க்கவில்லையா? முதல் ஆறு நாள் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? பிணம் எடுத்தது யார்? எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு எடுத்தார்கள்? அரசுக் கணக்கிலேயே நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கு மேல். எங்கள் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தார் ஆள் பிரித்தார்கள், யார் எந்தப் பக்கம் தேடுவது என்று சொன்னார்கள், சோறு எங்கே ஆக்குவது என்று முடிவு செய்தார்கள். தாளும் இல்லை, புரொஜெக்டரும் இல்லை.

உங்கள் ஊரில் அப்படி ஒரு பஞ்சாயத்துக் கட்டு இல்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது.

தென்னந்தோப்பு:
இதுதான் திமிர் என்பது.

வயக்காட்டான்:
பஞ்சாயத்தார் என்றதும் எழுதலாம் என்று தோன்றியது.

கடலோடி அண்ணே, உங்கள் ஊருக்கு மூன்று ஸ்டவ். துணி உங்களுக்குக் குப்பை. எங்கள் தெருவுக்கு அந்தக் குப்பையும் வரவில்லை. ஊர்ப் பெயரை எழுதவில்லை, எழுதினால் இன்றைக்கும் சண்டை வரும். கடலில் இருந்து முக்கால் கிலோமீட்டர், நாங்கள் கூலிக்காரர்கள். அலை வயலுக்குள் வந்து உப்பு நின்றது. நட்டதெல்லாம் கருகியது. அந்த வருடம் அறுப்பு வேலை கிடையாது. படகு போனால் நஷ்டஈடு, வலை போனால் நஷ்டஈடு, வேலை போனதற்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. வந்த லாரி எல்லாம் உங்கள் பஞ்சாயத்தாரிடம் இறங்கும். எங்கள் ஆட்கள் போய் நின்றால் "இது செத்தவர்கள் வீட்டுக்கு வந்தது" என்பார்கள்.

எங்கள் தெருப் பெயர் அந்தச் சுவர்த் தாளில் ஏறியது ஒரு கூட்டத்தில்தான். எங்கள் சித்தி ஒரு சங்கத்தில் இருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் எழுந்து நின்று, பட்டியலில் எங்கள் தெரு இல்லை என்று சொன்னார். அதற்கு அடுத்த வாரம் அரிசி வந்தது. கூட்டம் நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. பஞ்சாயத்தாரிடம் சித்தி எழுந்து நின்று பேசியிருக்க முடியுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கடலோடி:
தம்பி, உங்கள் தெருவுக்கு வராதது தப்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் மேல் பொத்தாம்பொதுவாகப் பழி போடாதீர்கள். நீங்கள் சொல்வது எந்த ஊரோ. எங்கள் ஊரில் 500 குடும்பம் என்றால் 500 பங்கு, ஒரு சேலை குறைந்தால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவார்கள். எல்லாருக்கும் ஒன்றுபோல என்பதுதான் எங்கள் முறை.

வயக்காட்டான்:
எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு?

கடலோடி:
இது வேறு விவாதம். நான் கேட்டது துணி லாரி.

செல்வி_அக்கரை:
வேறு விவாதமாம்! அண்ணே, வசதியாகத் தாண்டிப் போகாதீர்கள்.

நானும் மீனவர் வீடுதான், அக்கரைப்பேட்டை. ஊர்ப் பங்கு 500 என்றால் அதில் தனியாக இருந்த பெண்களுக்கு எத்தனை பங்கு? புருசனைப் பறிகொடுத்தவளுக்கு அரைப் பங்கு, மாமனார் கையில். மீன் விற்கிற பெண்கள் யாருக்காவது அன்னக்கூடையும் தராசும் கேட்டு எந்தப் பஞ்சாயத்தார் மனு கொடுத்தார்கள்? படகு, படகு, படகு! படகு வந்தால் மீன் வரும், மீன் தானாக நடந்து சந்தைக்குப் போகுமா?

உள்ளாடையும் மாதவிலக்குக்குத் துணியும் வேண்டும் என்று சொல்ல எனக்கு ஊரில் ஓர் இடம் இல்லை. தார் ஷீட் கொட்டகையில் பகலில் உட்கார முடியாது, அப்படிக் கொதிக்கும். ராத்திரியில் ஒரு சேலை மறைப்புக்குப் பின்னால் ஆறு பேர். அதை ஒரு கூட்டத்தில் வெளியூர் அக்கா ஒருவர் எடுத்துச் சொன்னார். சொல்லும்போது ஆண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் பெட்டி வந்தது.

கடலோடி:
செல்வி, கேள்விப்பட்டதை எல்லாம் சான்றாக வைக்காதே. அன்னக்கூடை விஷயத்தில் நீ சொல்வது சரி. அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. எங்கள் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிக்க யார் யாரோ கலெக்டர் ஆபீஸில் கூடுகிறார்கள். நாங்கள் வெளியே வரிசையில். அப்புறம், துணி நின்றது பொங்கலுக்குப் பிறகு.

களப்பணி_67:
தம்பி பொங்கலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

உங்கள் ஆட்கள் இல்லை என்பது பொய். தொடங்கிய இரண்டு அமைப்புகளில் ஒன்று மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, இன்னொன்று நாகை மீனவப் பெண்களோடு 1984 முதல் வேலை செய்துவந்த அமைப்பு. வெளியில் இருந்து வந்தவர்கள் உள்ளூர் ஆட்களைத் தள்ளிவிட்டு வேலை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டை சர்வதேச அமைப்புகளே 2006-இல் கூட்டாகச் செய்த சுனாமி மதிப்பீட்டில் ஒப்புக்கொண்டன. நாகையில் அது ஓரளவு குறைந்தது என்றால் அந்த அறையை உள்ளூர்க்காரர்கள் நடத்தியதால்தான். பிறகு ஊர் ஊராகத் தகவல் மையம் வைத்ததும் அதே ஆட்கள். எந்த அரசாணை வந்தது, வீட்டுக்கு யார் தகுதி என்று ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதெல்லாம் விடுதியில் புரொஜெக்டர் போட்டுப் பேசுகிறவர்களின் கதை அல்ல.

கணக்குப்பிள்ளை:
அரசாணை என்றதால் குறுக்கிடுகிறேன். தொண்டு நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுத்து வீடு கட்டலாம் என்ற அரசாணை 25, தேதி 13.1.2005. அன்றைக்குப் போகி. வீடு கட்டும் பெரிய திட்டத்துக்கான அரசாணை 172, தேதி 30.3.2005. உயர் அலைக் கோட்டில் இருந்து, அதாவது கடல்நீர் ஏறும் எல்லையில் இருந்து, 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட உதவி கிடையாது என்றது அதுதான். பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடலோடி:
போகி அன்றைக்கு அரசாணையே வந்துவிட்டது, துணி லாரியும் வந்துகொண்டிருந்தது. நன்றி கணக்குப்பிள்ளை சார்.

கணக்குப்பிள்ளை:
நான் துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

சிறுபொறி:
கணக்குப்பிள்ளை பாதிதான் சொன்னார். அரசாணை 25-இல் இன்னொன்றும் இருந்தது. குறைந்தது 50 வீடு, 75 லட்சம் ரூபாய் போட முடிகிறவர்கள்தான் தத்தெடுக்க வரலாம். வீட்டுக்கு ஒன்றரை லட்சம் கணக்கு. நாங்கள் அப்போது ஒரு சின்ன அமைப்பு, ஏழு பேர், ஒரு டிவிஎஸ் 50. எங்களிடம் 75 லட்சம் எங்கே? ஊரில் யார் வீட்டில் எத்தனை பேர் போனார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்தத் தெருவில் கதவு எந்தப் பக்கம் வைத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பணம் இருந்தவர்களுக்கு அது தெரியாது. கூட்டத்தில் அவர்கள் முன்வரிசை, நாங்கள் நாற்காலி போதாமல் கதவோரம். கடைசியில் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "ஊருக்குள் கூட்டிப்போக ஒரு ஆள் தருவீர்களா?"

கூடுவது பலம் என்று இரண்டு தரப்பும் பேசுகிறீர்கள். கூடின இடத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை ஒருவரும் பேசுவதில்லை.

களப்பணி_67:
சிறுபொறி, உங்களை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கதவோரம் உட்கார்ந்தது யார், போண்டா தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று கிளற வேண்டாம்.

சிறுபொறி:
ஐயா, அந்த அறையில் போண்டா போட்டதே கிடையாது. பிஸ்கட். அதுவும் இரண்டாவது வாரத்தில் நின்றுவிட்டது. நீங்கள் நிஜமாகவே அங்கே இருந்தீர்களா?

கடலோடி:
ஆஹா! நோட்டில் போண்டா பற்றி என்ன எழுதியிருக்கிறது அண்ணே?

களப்பணி_67:
இதற்குத்தான் நான் இங்கே வருவதில்லை. போண்டா என்பது பேச்சுக்குச் சொன்னது.

தேனாட்டான்:
நான் மட்டக்களப்பு. எங்கட கதையையும் கொஞ்சம் கேளுங்கோ.

சுனாமிக்குப் பிறகு இங்கேயும் கிழமைக்குக் கிழமை கூட்டம். நான் அப்போது ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர். கல்லடிப் பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் போவேன். கூட்டம் முழுக்க இங்கிலீஷ். வெள்ளைக்காரர் கதைப்பார், கொழும்பில் இருந்து வந்தவர் கதைப்பார். பக்கத்தில் ஒரு பெடியன் எனக்கு மெதுவாகத் தமிழில் சொல்லுவான். அவன் ஒரு வசனம் சொல்லி முடிக்க அங்கே மூன்று விசயம் முடிந்திருக்கும். நாலு கிழமை போனேன், பிறகு விட்டுவிட்டேன். எங்கள் சங்கம் "பங்குபற்றியது" என்று அறிக்கையில் வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் கூட்டம் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பாஷைதான் பிழை. கடலோடித் தம்பி கூட்டத்தையே வேண்டாம் என்கிறார், அது சரியில்லை. எங்களுக்கு மேலிடத்திலும் கூடி ஒன்று எழுதினார்கள், சுனாமி உதவியைச் சேர்ந்து பங்கிடப் பொதுக் கட்டமைப்பு என்று. 2005 ஜூனில் அரசும் புலிகளும் கையெழுத்திட்டார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கு எந்த நம்பிக்கையோடு போறது?

கணக்குப்பிள்ளை:
தடுத்தது உச்ச நீதிமன்றம். உயர் நீதிமன்றம் வேறு.

தேனாட்டான்:
இங்கே சுப்ரீம் கோர்ட்டை உயர் நீதிமன்றம் என்றுதான் தமிழில் சொல்லுறது. உங்கட ஊர்ச் சொல்லை எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சொல் ஒன்றாக இருந்தால்தானே ஒருங்கிணைப்பு.

தேனாட்டான்:
எந்த ஊர்ச் சொல்? உங்கட ஊரா, எங்கட ஊரா?

நிலா_2001:
நான் கேட்டதும் இதேதான்! சொல்லை முதலில் வரையறுப்போம்.

கடலோடி:
தேனாட்டான் அண்ணை, நான் கூட்டமே வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ஒரு பொய்யைச் சான்றாகக் காட்டி அடுத்த விடுதிக்கு நிதி வாங்காதே என்கிறேன்.

பெரிய பெரிய கூட்டத்தின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் உலக மனிதநேய உச்சி மாநாடு. உலகத்தில் உள்ள உதவி நிறுவனங்கள் எல்லாம் கூடின. கிராண்ட் பார்கெய்ன் என்று ஒரு உடன்பாடு. 2020-க்குள் நிதியில் 25 சதவீதம் முடிந்தவரை நேராக உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். 2020 வந்தது, போனது. பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச வருடா வருடம் கூடுகிறார்கள். சிறுபொறி இன்னும் கதவோரம்தான்.

பாயிண்டுக்கு வருகிறேன். துணி.

தென்னந்தோப்பு:
கடலோடிக்குத் துணியை விட்டால் வேறு இல்லை. போன மாதம் இறால் பண்ணை விவாதத்திலும் இப்படித்தான், ஒரு மதகைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் எங்கள் எல்லாரையும் சாகடித்தார்.

கடலோடி:
அந்த மதகு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று கடைசியில் தெரிந்ததே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

தென்னந்தோப்பு:
எங்கே தெரிந்தது? நீங்கள் மட்டும்தான் கடைசி வரை எழுதிக்கொண்டிருந்தீர்கள், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள்.

நெறியாளர்:
மதகு விவாதம் முடிக்கப்பட்டுவிட்டது. இங்கே மறுபடி திறக்க வேண்டாம். ஒருவரையொருவர் "நிஜமாக அங்கே இருந்தீர்களா" என்று கேட்பதையும் நிறுத்தவும்.

செல்வி_அக்கரை:
நெறியாளர் சார், அந்தக் கேள்வியைத்தான் நான் கடலோடி அண்ணனிடம் கேட்க வந்தேன். பொங்கலுக்கு ஊரிலேயே இருந்தீர்களா? என் நினைவு சரியென்றால் உங்களையும் என் தம்பியையும் ஜனவரி முதல் வாரத்திலேயே தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் திரும்பி வந்தீர்கள்.

களப்பணி_67:
😀

கடலோடி:
அண்ணே, சிரிப்புப் படம் போட உங்களுக்குத் தகுதி இல்லை. நோட்டு இன்னும் வரவில்லை.

செல்வி, நான் போனது பத்தாம் தேதிக்கு மேல். திரும்பி வந்தபோது துணி அங்கேயே கிடந்தது. கிடந்தது என்றால் வந்ததென்றுதானே அர்த்தம்? புதுசாக வந்தது. மேலே இருந்த மூட்டைகளில் தூசியே இல்லை.

சிறுபொறி:
தூசியை வைத்துத் தேதி சொல்கிற தடயவியல் நிபுணர் நம் நடுவில் இருக்கிறார்.

துணி எங்கே போனது என்று ஒரு தகவல் சொல்கிறேன், யாருக்காவது பயன்பட்டால் சரி. தமிழ்நாட்டில் மிஞ்சிக் கிடந்த பழைய துணியை டெல்லியில் உள்ள கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு எடுத்துப் பிரித்தது. நல்லதைத் தனியாக, கிழிந்ததைத் தனியாக. பருத்தித் துணியில் பெண்களுக்கு மாதவிலக்குத் துணி தைக்க வைத்தார்கள். கடலோடி "குப்பை" என்றது இப்படித்தான் பயன்பட்டது. யார் எதை எடுப்பது என்று யாரோ நாலு பேர் உட்கார்ந்து பேசாமல் அது நடந்திருக்காது.

கடலோடி:
அதாவது, வந்த துணியை எடுத்தார்கள். வரவிடாமல் நிறுத்தவில்லை. நான் சொன்னதையே சொல்கிறீர்கள்.

வயக்காட்டான்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சித்தி பஞ்சாயத்தாரிடம் எழுந்து நின்று பேசியிருக்க முடியுமா, முடியாதா?

களப்பணி_67:
வயக்காட்டான் தம்பி, முடியாது. அதனால்தான் வெளியார் கூட்டுகிற கூட்டம் வேண்டும் என்கிறேன். ஊருக்குள் எழுந்து நிற்க முடியாதவர்கள் அங்கே எழுந்து நிற்கலாம்.

வயக்காட்டான்:
நல்லது ஐயா. ஆனால் அது ஒரு நாள். அடுத்த கூட்டத்துக்கு சித்தியைக் கூப்பிடவே இல்லை. "போன தடவை பேசிவிட்டாரே" என்று சொன்னார்களாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

களப்பணி_67:
அது எனக்குத் தெரியாது. நான் இருந்த அறையில் அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை.

தேனாட்டான்:
எல்லா அறையிலும் நடந்தது அண்ணை.

நிலா_2001:
நான் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் தன்னார்வலராக இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. எங்களுக்கு ஒருங்கிணைப்பு என்பது வாட்ஸ்அப் குழுதான். ஒரே வீட்டு மாடியில் மாட்டிக்கொண்ட பாட்டிக்காக மூன்று படகு போயிற்று. பாட்டியை முதல் படகே கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று யாரும் குழுவில் எழுதவில்லை. மற்ற இரண்டு படகும் சுற்றிச் சுற்றித் தேடின. அதனால்தான் கேட்கிறேன், தகவல் பரிமாறினால் போதுமா, இல்லை முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டுமா...

கடலோடி:
பாப்பா, வாட்ஸ்அப் குழுவும் கூட்டமும் ஒன்றா? 2005-இல் வாட்ஸ்அப் ஏது?

நிலா_2001:
பாப்பா இல்லை. பொறியாளர்.

தென்னந்தோப்பு:
வயநாடு நிலச்சரிவுக்கும் 2024-இல் பழைய துணி அனுப்பாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. 20 வருடம் கூடிக் கூடிப் பேசியும் துணி போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதில் கடலோடி சொல்வதில் கொஞ்சம்... வேண்டாம், சொல்ல மாட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார்.

கடலோடி:
எடுத்துவிட்டேன்.

இன்று காலை ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன். துணி லாரி நின்றது பொங்கலுக்கு முன்னா பின்னா என்று. "அந்த வருசம் நம்ம எங்கடா பொங்கல் வச்சோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பம்ப் ஸ்டவ் ஒண்ணு இன்னும் கட்டிலுக்கு அடியில கெடக்கு, வேணுமா" என்றார்.

களப்பணி_67:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி. நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நோட்டு பரணில் இருக்கிறது. எனக்கு முட்டி வலி. பேரன் சனிக்கிழமை வருவான், ஏறி எடுப்பான். அதில் ஜனவரி 9 என்று தேதி போட்டு "துணி நிறுத்தம்" என்று எழுதியிருக்கிறேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சிறுபொறி:
நிறுத்தம் என்று எழுதினால் லாரி நின்றுவிடுமா ஐயா?

கணக்குப்பிள்ளை:
2005 ஜனவரி 9 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் நடந்ததா?

களப்பணி_67:
பேரிடரில் ஞாயிறு ஏது ஐயா! தினமும் நடந்தது.

கடலோடி:
சனிக்கிழமை வரை காத்திருக்கிறேன். பேரனிடம் பக்க எண் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், பழைய நோட்டில் புதுசாக எழுதியதா என்று பார்க்க வேண்டும்.

செல்வி_அக்கரை:
அண்ணே, அந்த ஸ்டவ்வை என்னிடம் கொடுங்கள். மழைக்காலத்தில் கேஸ் வண்டி எங்கள் தெருவுக்கு வருவதில்லை.

கடலோடி:
அது பம்ப் அடைத்துக்கிடக்கிறது செல்வி. 2005-லேயே எரியவில்லை.